நடுகல்லும் பெற்ற நெஞ்சமும்

சங்ககாலத்துச் சிற்றில் ஒன்றின் தூணைப் பற்றி நின்றுகொண்டு, ஒரு பெண் அவ்வீட்டுத் தாயிடம் அவள் மகன் எங்கே என்று வினவுகிறாள். அவன் எங்குள்ளான் என்பதைத் தான் அறியாள் என்கிறாள் தாய். ஆயினும், புலி தங்கிச் சென்ற கற்குகையைப் போன்றது அவனைப் பெற்ற தன் வயிறு என்றும், அவனைக் காண வேண்டுமாயின் போர்க்களத்தில் காணலாம் என்றும் விடை பகர்கிறாள். காவற்பெண்டு என்னும் புலவர் பெருமாட்டி தீட்டிய இக்காட்சி, புறநானூற்றில் 86ஆம் பாடலாக அமைந்துள்ளது.

ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் சென்றன. தில்லியில் நம் குடியிருப்புகளில் அதே வினா இன்றும் கேட்கப்படுகிறது. படையில் பணிபுரியும் மகன் எந்த மலையில், எந்த எல்லையில் நிற்கிறான் என்பது தாய்க்குப் பல வேளைகளில் தெரியாது, தெரிந்தாலும் சொல்லலாகாது. 'நலமாக இருக்கிறான்' என்று கூறிவிட்டுச் சுவாமி விளக்கின் திரியைத் தூண்டிவிடுவாள். பெருமிதமும் அச்சமும் இறைநம்பிக்கையும் ஒரே நெஞ்சில் குடியிருக்கும் இந்நிலையின் வரலாற்றைச் சிறிது எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புலவர் கண்ட தாயர்

ஒக்கூர் மாசாத்தியார் பாடிய 279ஆம் புறப்பாட்டில் வரும் மூதின் மகளிரை நாம் யாவரும் பள்ளியில் படித்திருக்கிறோம். முன்னொரு நாள் போரில் தந்தையை இழந்தாள். பின்னொரு நாள் கணவனை இழந்தாள். இன்று போர்ப்பறை கேட்டதும், தன் ஒரே மகனின் குடுமியில் எண்ணெய் தடவி, வெள்ளாடை உடுத்தி, வேலைக் கையில் தந்து அனுப்புகிறாள். மேடைகளில் இப்பாட்டைப் புகழாதார் இல்லை. ஆனால் புலவர் எவ்வாறு தொடங்குகிறார் என்பதை நாம் கருதுவதில்லை. இவள் துணிவு கொடியது, இந்த உள்ளம் கெட்டொழிக என்னும் கருத்தோடு அவர் தொடங்குகிறார். வியப்பும் நடுக்கமும் அங்கே கலந்து நிற்கின்றன. மகனைப் போருக்கு அனுப்புதல் எளிய செயல் என்று நம் முன்னோர் ஒருபோதும் சொல்லவில்லை. எளிதன்று என்பதனாலேயே அது பாடலாயிற்று.

கல்லும் கடவுளும்

வீழ்ந்த வீரனைத் தமிழர் மறக்கவில்லை. அவன் பெயரால் கல் நட்டு வழிபட்டனர். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று அதற்குரிய ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. பகைவரைத் தடுத்து வீழ்ந்தவனின் கல்லையன்றி நெல் தூவி வழிபடத் தங்களுக்கு வேறு கடவுள் இல்லை என்ற ஊராரின் எண்ணத்தை மாங்குடி கிழார் 335ஆம் புறப்பாட்டில் பதிந்துள்ளார். திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் வட்டாரத்தில் கிடைத்துள்ள நடுகற்கள் இம்மரபு ஏட்டோடு நின்றதன்று என்பதற்குச் சான்று பகர்கின்றன.

பக்தி வேறு, படைத்தொழில் வேறு என்று நம்மவர் பிரித்ததில்லை. தமிழ்க் கடவுளாம் முருகனே தேவர் படைக்குத் தலைவன் அன்றோ? இன்றைய இந்தியப் படையிலும் இவ்விரண்டும் அருகருகே நிற்கின்றன. நீலகிரி மாவட்டத்து வெலிங்டனை இருப்பிடமாகக் கொண்ட மதராஸ் ரெஜிமெண்டின் குறிக்கோள் வாசகம், தன் கடமையைச் செய்து மடிதல் மேலானது என்ற பொருளுடையது. அது பகவத் கீதையினின்று எடுக்கப்பட்டது. படைமுகாம்கள் பலவற்றில் எல்லாச் சமயத்தாரும் ஒரே கூரையின்கீழ் வழிபடும் சர்வ தர்ம ஸ்தலம் உண்டு. படையினருக்கெனச் சமய ஆசிரியர்களும் அமர்த்தப்பட்டுள்ளனர். வீட்டில் தாய் சொல்லிக்கொடுத்த வழிபாட்டை மகன் பனிமலையிலும் விடுவதற்கில்லை.

தில்லியின் நடுகற்கள்

தமிழகத்து நடுகற்களைக் காணச் செங்கம் செல்ல வேண்டும். தலைநகரில் வாழும் நமக்கோ பேருந்தில் செல்லும் தொலைவிலேயே இரு பெரும் நடுகற்கள் உள்ளன. ஒன்று, 1931இல் திறக்கப்பட்ட இந்தியா கேட். முதல் உலகப் போரிலும் அதனையடுத்த ஆப்கானியப் போரிலும் மாண்டோருள் 13,000க்கும் மேற்பட்டோரின் பெயர்களை அது தாங்கி நிற்கிறது. மற்றொன்று, அதனருகே 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவுச் சின்னம். விடுதலைக்குப் பின் உயிர் நீத்த 25,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் அங்கே கருங்கற் சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ளன.

பரம வீர சக்கரம் பெற்றோரின் சிலை வரிசையும் அங்குண்டு. அவருள் ஒருவர் தமிழரான மேஜர் ராமசாமி பரமேசுவரன். நம்மைப் போன்று புலம்பெயர்ந்த குடும்பத்தில் பம்பாயில் பிறந்தவர்; இலங்கை சென்ற இந்திய அமைதி காக்கும் படையில் பணியாற்றி 1987 நவம்பர் 25 அன்று உயிர் துறந்தார். மேஜர் முகுந்த் வரதராஜனை அறியாத தமிழர் இன்று இலர். அவர் 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரத்துச் சோபியான் மாவட்டத்தில் வீழ்ந்தார். அவருக்குரிய அசோக சக்கரத்தை 2015ஆம் ஆண்டுக் குடியரசு நாளன்று அவர்தம் துணைவியார் இத்தலைநகரின் ராஜபாதையில் பெற்றுக்கொண்டார். 2022 முதல் கர்த்தவ்ய பாதை எனப் பெயர் பெற்றுள்ள சாலை அதுவே.

மகன் ஏறிய மலை

பெற்றோர் பெருமிதம் என்பது யாது என்று எம்மை யாரேனும் கேட்பின், தில்லியை அடுத்த நொய்டாவில் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் வரலாற்றையே எடுத்துக்காட்டுவோம். அவர்கள் தமிழரல்லர், ஆயினும் அம்மகனின் பெயரில் தமிழ்நாட்டின் தொடர்பு உண்டு. சென்னையை அடுத்த ஆவடியில் உருவான விஜயந்தா டாங்கியின் பெயரையே படை அதிகாரியான தந்தை அவனுக்கு இட்டார். அவனே கேப்டன் விஜயந்த் தாப்பர்.

1998 டிசம்பரில் ராஜபுதன ரைபிள்ஸின் இரண்டாம் பட்டாளத்தில் அதிகாரியாகச் சேர்ந்த அவ்விளைஞர், 1999 ஜூன் மாதம் கார்கில் போரில் தொலோலிங் மலையை மீட்ட போரில் பங்கு கொண்டார். அம்மாத இறுதியில், திராஸ் பகுதியில் நோல் என்னும் குன்றைப் பிடிக்கும் போரில் உயிர் துறந்தார். அப்போது அவருக்கு அகவை 22. வீர சக்கரம் மறைவுக்குப்பின் வழங்கப்பட்டது.

போருக்குப் புறப்படுமுன் அவர் பெற்றோருக்கு ஒரு கடிதம் எழுதி வைத்தார். அக்கடிதம் கிடைக்கும்போது தாம் வானுலகில் அரம்பையரின் விருந்தினராக இருந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பதாகவும், மீண்டும் மனிதப் பிறவி எடுப்பின் படையிலேயே சேர்வதாகவும் அதில் குறித்தார். மறுமையில் இத்துணை நம்பிக்கை! அதனோடு சில வேண்டுகோள்களும் இருந்தன. பயங்கரவாதத்தால் தந்தையை இழந்த காஷ்மீரச் சிறுமி ஒருத்திக்குத் தாம் மாதந்தோறும் தந்துவந்த 50 ரூபாயைத் தொடர்ந்து தர வேண்டும். அநாதை இல்லத்திற்குப் பொருள் உதவ வேண்டும். இயலுமாயின் படை போரிட்ட இடத்தை வந்து காண வேண்டும்.

தந்தையார் கர்னல் வி. என். தாப்பர் அக்கடிதத்தைப் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. மகனின் ஆசையை ஏற்றுப் பல ஆண்டுகளாக, முதுமை நெருங்கிய பின்னும், மூச்சுத் திணறும் உயரத்திலுள்ள அம்மலைக்குச் சென்று வந்தார். சங்ககாலத்தார் நடுகல்லை நாடிச் சென்றனர். இவர் மலையையே நடுகல்லாகக் கொண்டார். மகன் விட்டுச்சென்ற கடமையைத் தன் தோளில் ஏற்றலே பெருமிதம் என்பதை அவர்தம் கால்கள் நமக்குக் கற்பிக்கின்றன.

எம் இல்லத்தில்

இனி எம்மைப் பற்றி ஒரு சொல். இரயில்வே முன்பதிவு அலுவலகத்தில் அமர்ந்து, படைவீரர் நீட்டும் வாரண்டை வாங்கிப் பயணச்சீட்டு எழுதித் தருவது பல்லாண்டுகளாக எமது தொழில். அவர்களை ஊரில் எதிர்நோக்கியிருப்போர் யாவர் என்று நாம் ஒருநாளும் எண்ணியதில்லை. கல்லூரியில் பயிலும் எம் மகன், சென்ற ஆண்டு கந்தசஷ்டி நோன்பு முடித்து, இராமகிருஷ்ணபுரத்து மலைமந்திரின் படிகளில் இறங்கும்போது, படை அதிகாரிகளுக்கான தேர்வு எழுதப் போவதாகக் கூறினான். நாம் சினந்தோம். வங்கித் தேர்வு இருக்க இது எதற்கு என்றோம். நாட்டுப்பற்றைப் பற்றி மேடையில் பேசிய அதே வாயால் அதனைச் சொன்னோம். அவன் மறுமொழி கூறாது கோயிலை நோக்கிக் கைகூப்பினான்.

பல இரவுகள் உறக்கம் வரவில்லை. தேவ சேனாபதியை வணங்குமாறு அவனுக்குக் கற்பித்தவர் நாமே. அவ்வழிபாட்டின் பொருளை அவன் மெய்யென்று கொண்டதற்காக வருந்துவது எவ்வாறு பொருந்தும்? இறுதியில் இசைந்தோம். அவன் அன்னை இன்னும் அழுகிறாள். அவளைத் தேற்ற எம்மிடம் சொல் இல்லை. ஒக்கூர் மாசாத்தியாரும் அத்தகைய சொல் ஒன்றை விட்டுச்செல்லவில்லை.

அன்பர்களே! அடுத்த ஆண்டு விழாவுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் குடியிருப்புக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு போர் நினைவுச் சின்னத்திற்குச் செல்வோம். அச்சுவர்களில் உள்ள தமிழ்ப் பெயர்களை அவர்கள் தேடி எழுதி வரட்டும். நம்மிடையே மகனையோ மகளையோ படைக்கு அனுப்பிவிட்டு வாய்பேசாது வாழும் பெற்றோரை விழா மேடையில் முன்வரிசையில் அமர்த்துவோம். பெற்ற நெஞ்சங்களுக்கு நாம் செய்யத்தக்க சிறப்பு அதுவே.