பிளஸ் 506: ஒரு எஸ்எம்எஸ்ஸுக்குள்ள இருக்கிற கோஸ்டா ரிக்கா

இன்னைக்கு நாம போகப்போறது மத்திய அமெரிக்கா. நிகராகுவாவுக்கும் பனாமாவுக்கும் நடுவுல, சுமார் 50 லட்சம் பேர் வாழுற கோஸ்டா ரிக்கா. 1948-ல ராணுவத்தையே கலைச்ச நாடுன்னு குவிஸ் புக்ல படிச்சிருப்பீங்க. நாம பேசப்போறது அதைப் பத்தி இல்ல, எஸ்எம்எஸ் பத்தி. அதுவும் 'உங்க பில் ரெடி', 'உங்க ஓடிபி இது'ன்னு கம்பெனிகள் கஸ்டமருக்கு அனுப்புற எஸ்எம்எஸ்.

இதுல என்னடா வரலாறுன்னு கேப்பீங்க. கோட் எழுதுறவங்களுக்கு ஒண்ணு தெரியும். ஒரு சிஸ்டத்துல காரணமே புரியாத ரூல் ஒண்ணு இருந்தா, அதுக்குப் பின்னாடி எப்பவோ ஒரு சண்டை நடந்திருக்கும். பிளஸ் 506-ல ஆரம்பிக்கிற நம்பருக்கு ஒரு பிசினஸ் மெசேஜ் அனுப்பணும்னா, நம்பர்ல 8 இலக்கம் இருக்கா, எந்த ஆபரேட்டர், கஸ்டமர் சம்மதம் கொடுத்தாரான்னு வரிசையா செக் பண்ணணும். ஒவ்வொரு செக்கும் ஒரு பழைய தழும்புதான்.

முதல்ல ஈசே. 1949-ல ஆரம்பிச்ச அரசு மின்சார நிறுவனம் அது. 1963-ல டெலிபோனையும் அதுகிட்டயே கொடுத்துட்டாங்க. கரண்ட், போன் ரெண்டும் ஒரே ஆபீஸ். மலைக்கிராமம் வரைக்கும் கம்பி இழுத்தது இவங்கதான், அதனால ஜனங்களுக்கு ஈசே மேல பாசம் உண்டு. லைன் கிடைக்க வரிசையில நிக்கணும்ங்கிற கோபமும் உண்டு. ரெண்டும் ஒரே வீட்ல, சில சமயம் ஒரே ஆள்கிட்டயே இருக்கும்.

செல்போன் அங்க முதல்ல வந்தது தனியார் மூலமாத்தான். 1989-ல மில்லிகாம் கம்பெனி சேவையை ஆரம்பிச்சது. 1993-ல அரசியல் சாசன நீதிமன்றம், இந்த அனுமதியே செல்லாதுன்னு சொல்லிடுச்சு. காத்துல போற அலைக்கற்றை நாட்டோட சொத்து, நாடாளுமன்றம் சட்டம் போடாம யாருக்கும் தூக்கிக் கொடுக்க முடியாதுங்கிறதுதான் வாதம். 1995-ல மில்லிகாம் கடையைச் சாத்திட்டுக் கிளம்பிடுச்சு. அதுக்கப்புறம் பல வருஷத்துக்கு ஒரு நாடு, ஒரு ஆபரேட்டர்.

2000-ல அரசாங்கம் கதவைத் திறக்கப் பார்த்துச்சு. மூணு மசோதாவை ஒண்ணாக் கட்டிக் கொண்டுவந்ததால அதுக்கு 'கோம்போ'ன்னே பேர் வந்துருச்சு. ஆமா, நம்ம காம்போ ஆஃபர்ல வர்ற அதே கோம்போ. மார்ச் மாசம் முதல் வாக்கெடுப்புல சுலபமா ஜெயிச்சது. உடனே மாணவர்கள், தொழிற்சங்கங்கள், விவசாயிகள் எல்லாரும் தெருவுக்கு வந்துட்டாங்க. ரோடெல்லாம் மறியல். அரசாங்கம் பின்வாங்கிடுச்சு. போன் கம்பெனிக்காக ஒரு நாடே தெருவுல நின்னதை யோசிச்சுப் பாருங்க. இன்னைக்கு நாம நெட்வொர்க் கிடைக்கலன்னா ட்வீட் போடுறதோட சரி.

ஆனா கதை அங்க முடியல. அமெரிக்காவோட தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்துல செல்போன், இன்டர்நெட் சந்தையைத் திறக்கணும்னு ஒரு நிபந்தனை. அதை ஏத்துக்கலாமா வேண்டாமான்னு 2007 அக்டோபர் 7-ம் தேதி பொது வாக்கெடுப்பு வெச்சாங்க. அந்த நாட்டு வரலாற்றுலயே முதல் பொது வாக்கெடுப்பு. சரின்னு சொன்னவங்க 51 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். என்னைக் கேட்டா, ரெண்டு பக்கமுமே நியாயம் இருந்துச்சு. வரிசையில நின்னவனுக்குப் போட்டி வேணும். மலை மேல இருந்தவனுக்கோ, லாபம் வராத இடத்துக்கு நாளைக்கு யார் வருவாங்கங்கிற பயம்.

2008-ல புது டெலிகாம் சட்டம் வந்துச்சு. நம்ம எஸ்எம்எஸ் கதை சூடு பிடிக்கிறது இங்கதான். அந்தச் சட்டத்தோட 44-வது பிரிவு, முன்கூட்டியே சம்மதம் கொடுக்காத கஸ்டமருக்கு ஆட்டோமேட்டிக் கால், ஃபேக்ஸ், மெயில், வேற எந்தக் கருவி வழியாவும் நேரடி விற்பனைச் செய்தி அனுப்பக் கூடாதுன்னு சொல்லுது. இன்னும் ரெண்டாவது செல்போன் கம்பெனியே வரல, ஸ்பாம் பண்ணாதேங்கிற விதி அதுக்கு முன்னாடியே வந்துருச்சு! சந்தையைத் திறக்கிறப்பவே கூடவே ஒரு பூட்டும் வாங்கி வெச்சாங்க. 'வேண்டாம்னு சொல்றவரை அனுப்பலாம்'ங்கிறதுக்கும், 'சரின்னு சொல்லாம அனுப்பாதே'ங்கிறதுக்கும் எவ்வளவு தூரம்னு மார்க்கெட்டிங் டீம்ல இருக்கிற நண்பர்களைக் கேட்டுப் பாருங்க.

அதே 2008 மார்ச்ல இன்னொரு வேலை நடந்துச்சு. 7 இலக்க நம்பர் பத்தாம, நாடு முழுக்க 8 இலக்கமா மாத்துனாங்க. லேண்ட்லைனுக்கு முன்னாடி ஒரு 2, செல்போனுக்கு முன்னாடி ஒரு 8. கேக்க ஈஸியா இருக்கு. ஆனா பேங்க், ஆஸ்பத்திரி, கடைன்னு எங்கெல்லாம் கஸ்டமர் லிஸ்ட்ல 7 கட்டம் மட்டும் ஒதுக்கி வெச்சிருந்தாங்களோ, அங்கெல்லாம் யாரோ ஒருத்தர் ராத்திரி உக்காந்து அதைச் சரி பண்ணியாகணும். அந்த முகம் தெரியாத ஆளுக்கு ஒரு சல்யூட்.

2011 நவம்பர்ல கிளாரோ, மூவிஸ்டார் ரெண்டும் உள்ள வந்துச்சு. 8-ல ஆரம்பிச்சா ஈசே, 7 கிளாரோ, 6 மூவிஸ்டார். மெசேஜ் அனுப்புற கம்பெனிக்கு இது வசதி. முதல் இலக்கத்தைப் பார்த்தாலே எந்த நெட்வொர்க்குக்குத் தள்ளணும்னு தெரிஞ்சுரும். அந்த வசதி ரெண்டே வருஷம்தான். 2013 நவம்பர் 30-ல நம்பர் போர்ட்டபிலிட்டி வந்துச்சு. இனி 8-ல ஆரம்பிக்கிற நம்பர் கிளாரோவுலயும் இருக்கலாம். நம்பர் கம்பெனியோடது இல்ல, அதை வெச்சிருக்கிறவரோடதுன்னு ஆச்சு. அனுப்புறவங்க ஒவ்வொரு நம்பரையும் போர்ட்டிங் பட்டியல்ல தேடிட்டுத்தான் அனுப்பணும்.

சரி, நம்பர் கிடைச்சது. உள்ள என்ன எழுதறது? அதுலயும் ஒரு வில்லங்கம் இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது. ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 140 பைட்தான் இடம். ஒரு எழுத்துக்கு 7 பிட்னு கணக்குப் போட்டா 160 எழுத்து வரும். அந்த 7 பிட் அட்டவணையை 1980-கள்ல ஐரோப்பாவுல தயார் பண்ணாங்க. அதுல கிரேக்கப் பெரிய எழுத்துகள் இருக்கு, ஸ்வீடன் எழுத்து இருக்கு, ஸ்பானிஷ்ல தலைகீழா வர்ற கேள்விக்குறிகூட இருக்கு. ஆனா ஸ்பானிஷ்ல தினமும் எழுதுற வலது சாய்ஞ்ச கோடு போட்ட உயிரெழுத்துகள்ல 'எ' மட்டும் உள்ள வந்துச்சு. 'அ', 'இ', 'ஒ', 'உ' நாலும் வெளிய நிக்குது.

கோடுதானே, விட்டுட்டா என்னன்னு தோணும். 'பாகோ'ன்னு கோடு இல்லாம எழுதுனா 'கட்டணம்', இல்லன்னா 'நான் கட்டுறேன்'. கடைசி எழுத்து மேல கோடு போட்டா 'அவர் கட்டிட்டார்'. கடன் வசூல் பண்ற கம்பெனிக்கு இந்த வித்தியாசம் சின்ன விஷயமா? ஆனா கோடு போட்ட ஒரே ஒரு எழுத்து உள்ள வந்தா, மொத்த மெசேஜும் எழுத்துக்கு 16 பிட்டுக்கு மாறிடும். 160 இருந்த இடத்துல 70 தான். 160 எழுத்து மெசேஜ் மூணு துண்டா உடையும், பில்லும் மூணு மடங்கு. ஸ்பானிஷுக்குன்னு தனி அட்டவணை அப்புறமா சேர்த்தாங்க, தமிழுக்கும் சேர்த்திருக்காங்க. வாங்குற போனுக்கும் அது புரியணுமே, அதனால அதை நம்பி அனுப்புறவங்க குறைவு. தமிழ்ல வர்ற எஸ்எம்எஸ் 70 எழுத்துல உடையுறதும் இதே கணக்குதான்.

இன்னொண்ணு. அந்த அட்டவணையில பவுண்ட், டாலர், யென் குறியெல்லாம் இருக்கு. கோஸ்டா ரிக்கா காசான கொலோனோட குறி இல்ல. சொந்த நாட்டுப் பணத்தோட குறியைப் போட்டா மெசேஜ் பாதியா சுருங்கிடும். அதனால குறிக்குப் பதிலா மூணு எழுத்துச் சுருக்கம்.

இப்படி ஒட்டுப்போட்ட ஒரு வண்டி மேலதான் 2015-ல மத்திய வங்கி பணத்தையே ஏத்துச்சு. சின்பே மோவில். செல்போன் நம்பரை பேங்க் அக்கவுன்ட்டோட இணைச்சுட்டா போதும், பணம் அனுப்ப நம்பர் மட்டும் தெரிஞ்சா சரி. நம்ம யுபிஐ வர்றதுக்கு முந்தின வருஷம் இது! ஆப்பும் தேவையில்ல. 'பாஸே'ன்னு டைப் பண்ணி, தொகை, வாங்குறவர் நம்பர், எதுக்குன்னு ஒரு வார்த்தை, இவ்வளவையும் பேங்க்கோட குறுகிய நம்பருக்கு எஸ்எம்எஸ்ஸா அனுப்புனா பணம் போயிடும். அங்க இப்ப ஜனங்க 'ஒரு சின்பே பண்ணு'ன்னே பேசுறாங்க. அரட்டையெல்லாம் வாட்ஸ்அப்புக்குப் போனப்புறமும் எஸ்எம்எஸ் அங்க சாகாததுக்கு இதுவும் ஒரு காரணம்.

பணம் வந்தா திருடனும் வருவான். பணம் அனுப்புனதா போலி ரசீது ஸ்கிரீன்ஷாட் காட்டி ஏமாத்துறது அங்க அடிக்கடி கேக்குற புகார். 'சோடா'ன்னு சொல்ற சின்னச் சாப்பாட்டுக் கடையில, கல்லா பக்கத்துல ஒரு அட்டையில 8 இலக்கம் எழுதி ஒட்டியிருக்கும். கஸ்டமர் தன் போனை நீட்டிக் காட்டுவார். அனுபவப்பட்ட கடைக்காரம்மா அந்த ஸ்கிரீனைப் பார்க்க மாட்டாங்க. தன்னோட போனுக்கு பேங்க் மெசேஜ் வரட்டும்னு காத்திருப்பாங்க. பெரும்பாலும் கோடு இல்லாத எழுத்துல, கொலோன் குறி இல்லாம, 160-க்குள்ள அடங்கி அது வரும். வந்தப்புறம்தான் சாப்பாட்டுப் பொட்டலம் கைமாறும்.