கணிப்பொறியின் வாசலில் காத்திருந்தவர்கள்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸும் அவருடைய சகாக்களும் நிர்மாணித்த எட்சாக் என்னும் கணிப்பொறி, 1949ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் தேதி முதன்முதலாக ஒரு நிரலை நிறைவேற்றி, வர்க்க எண்களின் அட்டவணை ஒன்றை அச்சிட்டுத் தந்தது. அது வழக்கமான உபயோகத்துக்கு வந்த பின்னர், கணக்குச் செய்ய விரும்பிய ஆராய்ச்சியாளர்கள் தங்கள் நிரலைக் காகித நாடாவில் துளையிட்டுக் கொண்டுவந்து, யந்திரத்தின் அருகே இழுத்துக் கட்டியிருந்த ஒரு கொடியில் தொங்கவிட்டுப் போவார்கள். பணியிலிருக்கும் சிப்பந்தி அக்கொடியிலிருந்து அடுத்த நாடாவை எடுத்து யந்திரத்தில் செலுத்துவார். விடை அச்சாகி வந்தால் அது உரியவரிடம் சேர்க்கப்படும், வராவிடில் நினைவகத்தின் எந்த இடத்தில் நிரல் நின்றுபோயிற்று என்ற தகவல் மாத்திரம் அவருக்குக் கிட்டும். யந்திரம் ஒன்று, அதை நாடுவோர் பலர் என்ற நிலையில், யாருடைய பணியை முதலில் எடுப்பது, அதற்கு எவ்வளவு அவகாசம் கொடுப்பது, எதனை இடையில் நிறுத்தி எதனைத் தொடங்குவது என்ற கேள்விகள் அந்தக் கொடியோடு கூடவே பிறந்தன. அவற்றுக்கு அறிஞர்கள் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அளித்துவந்திருக்கும் விடைகளின் சரித்திரம் பெரும்பாலும் நியாயத்தைப் பற்றிய சரித்திரமே என்பது என் துணிபு.

முதல் தலைமுறையினர் அளித்த விடை யந்திரத்தின் பக்கம் சாய்ந்தது. அதற்குத் தக்க காரணமும் இருந்தது. ஐ.பி.எம். 704 போன்ற யந்திரங்கள் பெருந்தொகை செலவிட்டே பெறத்தக்கவையாதலால், ஒருவர் தம் அட்டைக்கட்டை எடுத்து வைப்பதற்கும், நாடாக்களை மாட்டுவதற்கும், வந்த முடிவைப் பார்த்து யோசிப்பதற்கும் ஆகும் நிமிஷங்களில் அவை சும்மா நிற்பது பொறுக்கவொண்ணாத விரயமாகக் கருதப்பட்டது. ஆகவே 1956இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஸ்தாபனத்தின் ஆய்வுக்கூடமும் நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் என்னும் விமானக் கம்பெனியும் சேர்ந்து, ஒரு பணி முடிந்தவுடன் மனிதர் கை படாமலே அடுத்த பணியைத் தொடங்கிவைக்கும் மேற்பார்வை நிரல் ஒன்றை 704க்கென எழுதின. பல பணிகளை ஒரே காந்த நாடாவில் தொகுத்து ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டும் வழக்கம் இவ்வாறு பரவியது. பிற்பாடு, ஒரு பணி நாடாவிலிருந்து தரவு வந்து சேரக் காத்திருக்கும் அவகாசத்தில் இன்னொரு பணியைச் செய்விக்கும் உபாயமும் கைவந்தது. 1962 டிசம்பரில் மான்செஸ்டரில் தொடங்கிவைக்கப்பட்ட அட்லஸ் கணிப்பொறியின் மேற்பார்வை நிரல் இவ்வித்தையில் தேர்ந்து விளங்கிற்று.

யந்திரம் ஓயாமல் உழைத்தது. அதற்கு ஈடாக மனிதர் காத்திருந்தனர். மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு வந்த 704இன் நேரத்தை அக்கழகத்தாரும், நியூ இங்கிலாந்துப் பிரதேசத்துக் கல்லூரிகளும், ஐ.பி.எம். கம்பெனியும் பங்கிட்டுக் கொண்டிருந்தனர். அங்கே ஒருவர் தம் நிரலில் ஒரு காற்புள்ளியை மறந்துவிட்டிருந்தாலும் அதை அறிந்துகொள்வதற்குச் சில மணி நேரமோ ஒரு முழு நாளோ ஆகும். அதற்குள் அவர் எண்ணத்தின் தொடர்ச்சி அறுந்துபோயிருக்கும். இந்நிலையைச் சகியாத, அக்கழகத்தில் பணியாற்றிவந்த ஜான் மெக்கார்த்தி, 1959ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிட்டு, கணிப்பு நிலையத்தின் தலைவர் பிலிப் மோர்ஸுக்கு ஒரு குறிப்பு எழுதினார். யந்திரத்தின் நேரத்தை நுண்ணிய பகுதிகளாக வகுத்துப் பலருக்கும் மாறி மாறி வழங்கினால், ஒவ்வொருவரும் அது தமக்கே பிரத்தியேகமாக உழைப்பதாக உணர்வர் என்றும், ஒரு பிரச்சினைக்குத் தீர்வு காண ஆகும் காலம் இதனால் வெகுவாகக் குறையும் என்றும் அவர் வாதித்தார்.

அந்த யோசனையை நடைமுறைக்குக் கொணர்ந்தவர் பெர்னாண்டோ கோர்பாட்டோ. மார்ஜரி மெர்வின்-டாகெட், ராபர்ட் டேலி ஆகியோரின் துணையோடு அவர், 1961 நவம்பரில், ஐ.பி.எம். 709 யந்திரத்தை நான்கு பேர் நான்கு தட்டச்சுக் கருவிகளின் முன் அமர்ந்து ஒரே வேளையில் உபயோகிக்கக்கூடும் என்பதை நிரூபித்துக் காட்டினார். பழைய தொகுப்பு முறைப் பணிகளும் தடைபடாமல் பின்னணியில் நடந்தேற இடம் வைத்திருந்ததால், அம்முறைமை இசைவுள்ள காலப் பகிர்வு முறைமை என்று பெயர் பெற்றது. பின்னர் அது இன்னும் பெரிய 7094 யந்திரத்துக்கு மாற்றப்பட்டு, அக்கழகத்தில் 1963இல் தோன்றிய மேக் என்னும் ஆராய்ச்சித் திட்டத்தின்போது சுமார் முப்பது பேருக்கு ஏக காலத்தில் சேவை செய்தது.

முப்பது பேருக்கும் எவ்வாறு முறை வைத்தார்கள் என்பதே இச்சரித்திரத்தில் விசேஷமாகக் கவனிக்கத்தக்கது. ஒரு பணி எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை முன்கூட்டியே அறிந்தால் சிறியதை முதலில் முடித்துவிடலாம்; ஆனால் அதனை நிரல் எழுதியவரே பெரும்பாலும் அறியார். கோர்பாட்டோ கண்ட உபாயம், பணியை அதன் நடத்தையைக் கொண்டே மதிப்பிடுவது. பல படிகளாக வரிசைகள் அமைக்கப்பட்டன. மேற்படியில் பணி இருக்கும்வரை கீழ்ப்படிக்கு முறை வராது. மேற்படியில் நுழைந்த பணிக்குக் குறுகிய அவகாசம் அளிக்கப்படும். அதற்குள் முடியாவிடில் அது ஒரு படி கீழே இறக்கப்பட்டு, அங்கே முறை வரும்போது இரு மடங்கு அவகாசம் பெறும். அதிலும் முடியாவிடில் இன்னும் ஒரு படி இறங்கி நான்கு மடங்கு பெறும். நினைவகத்தில் கொண்டுவந்து இறக்குவதற்கே அதிக நேரம் பிடிக்கும் பருத்த நிரல்கள் தொடக்கத்திலேயே சற்றுத் தாழ்ந்த படியில் வைக்கப்பட்டன. ஒரு வரியைத் தட்டிவிட்டு விடைக்குக் காத்திருப்பவர் உடனுக்குடன் விடை பெற்றார். நீண்ட கணக்கு உடையவருக்கு முறை தாமதித்து வந்தாலும், வந்தபோது போதிய அவகாசம் கிடைத்தது. 1962 மே மாதம் வெளியான கட்டுரை ஒன்றில் விவரிக்கப்பட்ட இவ்விதி, பல திருத்தங்களோடு, பிற்கால இயக்க முறைமைகள் பலவற்றிலும் வேரூன்றியது. கோர்பாட்டோவுக்கு 1990இல் டியூரிங் விருது வழங்கப்பட்டது.

எனினும் முன்னுரிமை என்பது எங்கே உண்டோ அங்கே மறக்கப்படுவோரும் உண்டு. தலைமடையில் பாய்ச்சுவோர் ஓயாமல் வந்துகொண்டேயிருந்தால் கடைமடை வயல் காய்ந்துபோவது போல, மேற்படியில் புதிய பணிகள் இடைவிடாது வந்து சேருமாயின் கீழ்ப்படியில் கிடக்கும் பணிக்கு ஒருபோதும் முறை வாராது. 1973இல் அந்த 7094 யந்திரத்தை ஓய்வுக்கு அனுப்பியபோது, 1967இல் கொடுக்கப்பட்ட ஒரு தாழ்ந்த பணி இன்னும் தொடங்கப்படாமலே கிடந்ததாக ஒரு செவிவழிச் செய்தியைப் பாடநூல்கள் சொல்லிவருகின்றன. அது மெய்யோ புனைவோ, அதனால் உணர்த்தப்படும் ஆபத்து மெய்யானது. காத்திருக்கும் காலம் ஏற ஏறப் பணியின் முன்னுரிமையையும் உயர்த்தும் விதி அதற்குப் பரிகாரமாக ஏற்கப்பட்டது.

உயிர்களே யந்திரத்தை நம்பியிருந்த இடத்தில் முன்னுரிமையின் மற்றொரு முகம் வெளிப்பட்டது. 1969 ஜூலை 20ஆம் தேதி, அப்பல்லோ 11இன் இறங்கு கலம் சந்திரனை நெருங்கிக்கொண்டிருந்தபோது, அதன் கணிப்பொறி 1202 என்ற எச்சரிக்கை எண்ணைக் காட்டிற்று. அப்போது தேவைப்படாத ஒரு ராடாரிலிருந்து வந்த குறிப்புகள் யந்திரத்தின் நேரத்தை விழுங்கிவிட்டதால், பணிகள் தேங்கி இடமின்றிப் போயின. ஆயினும் ஹால் லேனிங் வகுத்திருந்த முறைமை, எல்லாப் பணிகளையும் ஒருசேரக் கைவிட்டுவிடாமல், தன்னைத்தானே மறுபடி தொடங்கிக்கொண்டு, அவசியமற்றவற்றை உதறி, கலத்தைச் செலுத்தும் பணிகளை மட்டும் தொடர்ந்தது, இறங்குதலும் நிறைவேறியது.

முன்னுரிமையே தலைகீழாவதும் உண்டு. 1997 ஜூலை 4ஆம் தேதி செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்தின் கணிப்பொறி, சில நாட்களில், தானாகவே மீண்டும் மீண்டும் புதிதாகத் தொடங்கலாயிற்று. வானிலைத் தரவுகளைத் திரட்டும் தாழ்ந்த பணி ஒன்று, பொதுவான ஒரு வளத்தைப் பூட்டி வைத்துக்கொண்டிருந்தது. அப்பூட்டு திறக்கும்வரை உயர்ந்த பணி ஒன்று காத்திருக்க நேர்ந்தது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தகுதியுடைய செய்தித் தொடர்புப் பணி குறுக்கே புகுந்து, தாழ்ந்த பணியை ஓடவிடாமல் தடுத்தது. உயர்ந்த பணி உரிய காலத்தில் முடியாததைக் கண்ட காவல் கடிகாரம் யந்திரம் முழுவதையும் மறுதொடக்கம் செய்தது. உயர்ந்தவர் காத்திருக்கும்போது பூட்டை வைத்திருக்கும் தாழ்ந்தவருக்கு அந்த உயர்ந்த முன்னுரிமையைத் தற்காலிகமாக வழங்கும் முறையே இதற்குத் தீர்வு. லுய் ஷா, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று கார்னகி மெலன் சென்ற ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோட்ஸ்கி ஆகிய மூவர் 1990இல் வெளியிட்ட ஆய்வில் அம்முறையை விரிவாக நிறுவியிருந்தனர். பூமியில் இருந்த மாதிரி யந்திரத்தில் பழுதைக் கண்டுபிடித்த பொறியாளர்கள், கலத்தின் நிரலில் ஏற்கனவே இருந்தும் முடக்கி வைக்கப்பட்டிருந்த அவ்வசதியை, பூமியிலிருந்து கட்டளை அனுப்பி உயிர்ப்பித்தார்கள்; கோளாறு நீங்கிற்று.

இதே விசாரம் இன்றும் ஓயவில்லை. 2007இல் இங்கோ மோல்னார் லினக்ஸுக்கென எழுதிய முறை, ஒவ்வொரு பணியும் இதுவரை பெற்ற நேரத்தைக் கணக்கில் வைத்து, மிகக் குறைவாகப் பெற்றதை அடுத்து அழைத்தது. 2023இல் அதனிடத்தை, உரிய பங்கோடு கெடுவையும் கருதும் வேறொரு முறை பெற்றது. யந்திரத்தை ஒரு நொடியும் ஓயவிடலாகாது என்று தொடங்கிய கலை, காத்திருப்போர் ஒவ்வொருவருக்கும் சேரவேண்டிய பங்கைக் கணக்கிடும் கலையாக முதிர்ந்திருக்கிறது. கணிப்பொறி இயல் பயிலும் நம் மாணவர்கள், தாம் வகுக்கும் எந்த முறைமையையும் பரிசீலிக்கும்போது, அது ஒரு மணி நேரத்தில் எத்தனை பணிகளை முடித்தது என்று கேட்பதோடு நின்றுவிடாமல், மிக அதிகமாகக் காத்திருந்த பணி எது, அது எவ்வளவு காலம் காத்திருந்தது என்றும் கேட்டறிவார்களாக. அக்கேள்விக்குத் தக்க விடை சொல்ல இயலாத முறைமை, எத்துணை வேகமாக ஓடினாலும் திறமையானதாகாது.