இளமையின் காவல்

கொடிய நோயொன்று ஒரு நாட்டிற் புகும்போது அதற்கு முதலில் துணைநிற்பது மக்களின் அறியாமை; அடுத்துத் துணைநிற்பது அவர்தம் மௌனம். கிழக்காபிரிக்காவிலுள்ள உகண்டா நாட்டின் அண்மைக்கால வரலாறு இவ்வுண்மைக்குச் சான்று பகர்கின்றது.

விக்ரோறியா ஏரியின் மேற்குக் கரையில், தன்சானியா எல்லைக்கருகே, கசென்செரோ என்னும் மீனவர் கிராமம் உண்டு. 1982ஆம் ஆண்டளவில் அங்கே இன்னதென்று அறியப்படாத நோயொன்று தோன்றிற்று. அதற்கு ஆளானோர் நாளுக்கு நாள் உடல் மெலிந்து மாண்டனர். மக்கள் அதனை 'மெலிவு நோய்' என அழைத்தனர். சூனியத்தின் விளைவென்று கருதினோரும் பலர். 1983இல் பாரிசு நகரத்துப் பாஸ்டர் ஆய்வுநிலையத்தார் ஒரு வைரசைக் கண்டறிந்தனர். எச்.ஐ.வி. எனப் பின்னர் பெயர் பெற்றது அதுவே. மெலிவு நோயின் காரணமும் அதுவேயென்பது 1985 முதல் தெளிவாயிற்று.

காரணம் தெரிந்தும் மக்கள் வாய் திறக்க அஞ்சினர். 1986இல் உகண்டா அரசு எயிட்ஸ் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கிற்று. 1987இல் நோரீன் கலீபா என்னும் அம்மையார், தம் கணவரை அந்நோய்க்குப் பறிகொடுத்தபின், நோயுற்றோரைத் தாங்கும் சங்கமொன்றை ஏனையோருடன் சேர்ந்து நிறுவினார். 1989இல் புகழ்பெற்ற பாடகரான பிலி லுத்தாயா, தமக்கு எயிட்ஸ் உண்டென்று ஊரறியக் கூறினார். பாடசாலைகளுக்கும் தேவாலயங்களுக்கும் சென்று இளைஞரை எச்சரித்த அவர், அவ்வாண்டு டிசம்பரில் காலமானார். 1990களின் தொடக்கத்தில் வளர்ந்தோருள் நூற்றுக்கு 15 பேரளவிற் காணப்பட்ட தொற்று, 2004–05ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 6.4ஆக இருந்தது. இவ்வீழ்ச்சியில் மரணங்களுக்கும் பங்குண்டு. எனினும், மக்களின் நடத்தை மாறியதும் முக்கிய காரணமென ஆய்வாளர் கூறுவர்.

இளையோரை இந்நோய் எளிதிற் பற்றுவது ஏன்? ஒழுக்கக்கேடே காரணமென்று பழிசுமத்துவது எளிது. ஆனால், அப்பிரதேசத்தில் பதின்ம வயதுப் பையன்களைவிட அதே வயதுச் சிறுமியரிடையே தொற்று மிகுந்திருந்தது. வறுமையால் வயதில் மூத்த ஆடவரைச் சார்ந்திருந்த சிறுமிக்கு, மறுத்துரைக்கும் வலிமை இல்லை; பாதுகாப்புறை வேண்டுமெனக் கேட்கும் துணிவும் இல்லை. வன்முறை, மதுப்பழக்கம், சிகிச்சை பெறாத ஏனைய பாலியல் நோய்கள் என்பனவும் அபாயத்தைப் பெருக்கின.

இந்நிலையிற் பள்ளிக்கூடம் எத்தகைய அரணாகும் என்பதை அக்கண்டத்தின் தென்பகுதியிலுள்ள பொட்சுவானா காட்டிற்று. 1996இல் அந்நாடு இடைநிலைக் கல்வி முறையை மாற்றியமையால், பிள்ளைகள் பலர் மேலும் ஓராண்டு பயின்றனர். இவ்வாறு கூடுதலாகப் பயின்ற ஓராண்டு, தொற்றுக்குள்ளாவோர் தொகையை நூற்றுக்கு 8 பேரளவாற் குறைத்ததென 2015இல் வெளியான ஆய்வு கணித்தது. பெண்களே அதனால் மிகுந்த பயன் பெற்றனர்.

இந்நாளில் மருந்துகள் இந்நோயை அடக்கி வைக்கின்றன. முறையாக மருந்துண்டு, குருதியில் வைரசு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தோரிடமிருந்து உடலுறவினால் நோய் பரவுவதில்லை. ஆயினும், பழிக்கு அஞ்சுபவர் பரிசோதனைக்கு வாரார். பரிசோதனைக்கு வாராதவர் மருந்தும் பெறார். ஆதலால், இளையோரைக் காக்க விழையும் சமுதாயம் அவர்களை ஏசுவதை விடுத்து, அறிவையும் கல்வியையும் அச்சமின்றிப் பேசும் உரிமையையும் அவர்களுக்கு அளித்தல் வேண்டும்.