பாயும் தலையணையுமாய் வந்த பிள்ளைகள்

அண்மையில் ஒரு மே மாதக் காலைப்பொழுதில், தென்காசிப் பள்ளியொன்றின் வாசலில் நாம் சிறிது நேரம் நின்றிருந்தோம். சிறுமியருக்கான கோடை முகாம் அன்று தொடங்கியது. மூன்று இரவுகள் அங்கேயே தங்க வேண்டும். சுருட்டிய பாய், தலையணை, முறுக்கு நிறைந்த தூக்குவாளி ஆகியவற்றோடு பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். பெயர் பதியும் மேசையருகே ஒரு தாய் மகளின் காதோரம் குனிந்து, “ஏட்டி, ராத்திரி எந்திரிச்சா தனியா போகாத. டீச்சரை எழுப்பிட்டுப் போ” என்றார். மகளோ, “சரிம்மா, நீ கிளம்பு” என்று அவரை அனுப்பிவைப்பதிலேயே குறியாயிருந்தாள். அந்தத் தாய் வாசல்வரை போய் மூன்று முறை திரும்பி வந்தார்.

அவர் அச்சத்தை எளிதாய் எண்ணிவிடலாகாது. பெண்பிள்ளை ஒரு இரவு வீட்டுக்கு வெளியே உறங்குவது என்பது நம் நாட்டில் நெடுங்காலம் திருமணத்தாலோ அனாதை நிலையாலோ மட்டுமே நிகழ்ந்த செய்தி. 1819-இல் நாகர்கோவிலில் சீர்திருத்தச் சபை மறைப்பணியாளர்கள் பெண்களுக்கு விடுதிப்பள்ளி தொடங்கியபோது பிள்ளைகளைச் சேர்ப்பதே பெரும்பாடாயிருந்திருக்கும். பெல்ஜிய நாட்டு அன்னை மரி லூயிஸ் தெ மேஸ்தர் 1897-இல் முளகுமூடு வந்து ஏற்ற பணியும் ஆதரவற்ற சிறுமியரைப் பேணுவதே. வீடற்றவளுக்கு ஒரு கூரை கொடுப்பதை ஊர் ஒப்புக்கொண்டது. வீடுள்ளவள் மகிழ்ச்சிக்காக வெளியே தங்குவதை ஒப்புக்கொள்ள இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

இதில் மேலைநாட்டார் நம்மைவிட வெகு தூரம் முன்னே இருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். 1907-இல் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் நடத்திய முதல் சாரணர் பாசறையில் இருந்தவர்கள் சிறுவர்கள் மட்டுமே. 1909-இல் இலண்டன் பளிங்கு மாளிகையில் நடந்த சாரணர் பேரணிக்குச் சிறுமியர் சிலர் தாமாகவே சீருடை தைத்து அணிந்து வந்து, தங்களையும் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டனர். அழைப்பில்லாமல் வந்த அந்தப் பிள்ளைகளால்தான், அடுத்த ஆண்டு பேடன் பவலின் தங்கை ஆக்னஸ் தலைமையில் சாரணியர் இயக்கம் தனியே பிறந்தது. 1911-இலேயே அது ஜபல்பூருக்கு வந்துவிட்டது. ஆனால் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுமியருக்கு மட்டுமாக. இந்தியச் சிறுமியருக்குக் கதவு திறந்தது 1916-இல். விடுதலைக்குப் பின் 1950 நவம்பர் 7 அன்று சாரணர் அமைப்புகள் பாரத சாரணர் இயக்கமாய் ஒன்றுபட, 1951 ஆகஸ்டு 15 அன்று சாரணியரும் அதில் இணைந்தனர். இதற்கிடையே, 1949-இல் தேசிய மாணவர் படையில் பெண்கள் பிரிவு தோன்றிற்று. 1969-இல் நாட்டு நலப்பணித் திட்டம் வந்தது. கல்லூரி மாணவியர் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படுத்துறங்கிச் சாலை போட்டதும், குளம் தூர்த்ததை வாரியதும் அதன் பின்னரே.

குற்றாலத்துக்கும் இவ்வரலாற்றில் ஒரு மூலை உண்டு. கம்பெனி ஆட்சிக் காலத்திலேயே வெள்ளை அதிகாரிகள் சாரலுக்காக இங்கே பங்களா கட்டித் தங்கினார்கள். ரசிகமணி டி. கே. சி.யின் இல்லத்தில் இலக்கிய அன்பர்கள் வந்து தங்கி அருவியிலும் கவிதையிலும் திளைத்தார்கள். ஆடவர்க்கு இவ்வூர் என்றும் முகாம்தான்! பெண்கள் குடும்பத்தோடு வந்து, நனைந்த துணியைப் பிழிந்து, சமைத்துப் போட்டுத் திரும்பினார்கள்.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். பள்ளி விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில். ஆரியங்காவுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று வந்து அருவியை நிறைப்பதோ ஜூனில், பள்ளி திறந்த பிறகு. ஆகவே கோடை முகாமுக்கு வரும் பிள்ளைகள் பேரருவியில் பெரும்பாலும் பாறையைத்தான் காண்கிறார்கள். என்றாலும் மே மாதத்தை நம்பிவிட முடியாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயது மாணவர் ஒருவரை அடித்துச் சென்றது. அன்று பெயர் பதிய வந்த தந்தையர் பலரும் கேட்ட முதல் கேள்வி, “அருவிக்குக் கூட்டிப் போவீங்களா?” என்பதே. வளாகத்தை விட்டு வெளியே போவதில்லை என்ற உறுதியைப் பெற்ற பின்னரே ஒப்புதல் தாளில் கையெழுத்திட்டார்கள்.

ஆயினும், வராத பிள்ளைகளின் கதை வேறு. தென்காசி, ஆலங்குளம், கடையம் வட்டாரத்து வீடுகளில் பீடி சுற்றுவது பெண்களின் கைத்தொழில். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கு. தாய் சுற்ற, மகள் இலை வெட்டிக் கொடுப்பாள். விடுமுறை என்றால் முழு நாளும் தட்டின் முன்தான். 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பீடித் தொழிலைத் தடைப்பட்டியலில் வைத்தது. ஆனால் குடும்பத்தார் உதவியோடு நடக்கும் வேலைக்கு விலக்களித்தது. வீட்டுத் திண்ணையையே தொழிற்சாலையாகக் கொண்ட ஊருக்கு அத்தகைய சட்டம் எதைக் காக்கும்? 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் 14 வயதுக்கு உட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதைச் சில விலக்குகளோடு தடை செய்தது. ஆனால் திண்ணைக்குள் எட்டிப் பார்ப்பவர் யார்? முகாமுக்குக் கட்டணம் இல்லை என்று அருள்சகோதரியர் அறிவித்தாலும், மூன்று நாள் கூலி போய்விடுகிறதே என்று ஒரு தாய் கணக்கிட்டால் அவரைக் குறைசொல்ல நமக்கு மனம் வரவில்லை.

அன்று மாலை கொடியேற்றி, உறுதிமொழி சொல்லி, பிள்ளைகளை அணி அணியாய்ப் பிரித்தார்கள். அணிகளுக்கு அருவிகளின் பெயர்: ஐந்தருவி, புலியருவி, தேனருவி, சிற்றருவி. இரவில் பாசறைத் தீயைச் சுற்றி அமர்ந்து பாடினார்கள். தாயை விரட்டி அனுப்பிய அந்தச் சிறுமிதான் விளக்கணைத்ததும் முதலில் விசும்பியவள். பக்கத்துப் பாய்க்காரி முறுக்கைக் கொடுத்து அடக்கினாள் என்று மறுநாள் கேள்விப்பட்டோம்.

தேனருவி அணியின் பட்டியலில் ஒரு பெயருக்கு நேரே மட்டும் வருகைக்குறி இல்லை. அணித்தலைவி அந்த இடத்தை யாருக்கும் கொடுக்காமல் ஒரு பாயளவு வெறுமையாய் வைத்திருந்தாள். மறுநாள் காலை பத்து மணியளவில் தந்தையின் மிதிவண்டியின் பின்னால் அமர்ந்து அந்தப் பிள்ளை வந்தாள். முந்தின நாள் பீடிக்கடையில் சரக்கு ஒப்படைக்க வேண்டியிருந்ததாம். இரவு கண்விழித்துச் சுற்றி முடித்தார்களாம். விரல் நுனிகளில் புகையிலைத் தூள் இன்னும் ஒட்டியிருந்தது. பாயை விரித்து இடத்தைப் பார்த்துக்கொண்டவள், பிறகு அணியோடு போய் வரிசையில் நின்றாள்.