பங்கோர் தீவின் கரையோர நடைவழி

மலேசியாவின் பேராக் மாநிலம், மஞ்சோங் மாவட்டத்தைச் சேர்ந்த பங்கோர் தீவின் மேற்குக் கரையில், தெலுக் நிப்பா கடற்கரையின் வட முனையிலிருந்து கோரல் கடற்கரைக்குச் செல்லும் குறுகிய நடைவழி. ஈப்போவிலிருந்து வருவோர் லுமுட் படகுத்துறையில் படகேறித் தீவை அடைகின்றனர்.

வழியின் ஒரு பக்கம் அலை மோதும் கருங்கற்பாறைகள். மறுபக்கம் காட்டுச் சரிவு. கோரல் கடற்கரையோரம் லின் ஜே கோங் சீனக் கோயில் உள்ளது. கருப்பு வெள்ளை இருவாச்சிகளும் நீள்வால் குரங்குகளும் இங்கு எளிதில் தென்படும். அலகின் மேல் வெளிர்மஞ்சள் கொண்டை துருத்திய இருவாச்சிகள் மாலையில் தெலுக் நிப்பாவில் கூட்டமாக வந்தமர்கின்றன.

தீவின் கிழக்கே தெலுக் கெடுங்கில், பேராக்கின் ஈய வணிகத்தைக் கைப்பற்ற டச்சுக்காரர்கள் 1670இல் எழுப்பிய கோட்டையின் எச்சம் உள்ளது. பேராக்கில் ஆங்கிலேயர் தலையீட்டுக்கு வித்திட்ட பங்கோர் உடன்படிக்கை 20.1.1874 அன்று கையெழுத்தானது. தீவிலுள்ள ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயத்தின் மாசிமக விழாவுக்குத் தமிழர்கள் பெருந்திரளாகக் கடல் கடந்து வருகின்றனர்.

கடல் ஏற்றத்திலும் மழையிலும் பாறைகள் வழுக்கும். நீர் வற்றும் நேரமே நடக்க ஏற்றது. இருவாச்சிகளுக்கும் குரங்குகளுக்கும் தீனி போடாமல் இருப்பதே அவற்றுக்குச் செய்யும் நன்மை.