தோட்டப்புறக் குடும்பச் செலவும் நிர்ணயக் கூலியும்: மலாயாத் தமிழர் வாழ்வில் சிக்கனத்தின் வரலாறு (1919–1941)

முன்னுரை

மலாயாத் தோட்டத் தமிழரின் வரலாறு பெரும்பாலும் ரப்பர் விலை, கங்காணி முறை, தொழிற்சங்க எழுச்சி ஆகியவற்றை மையமாகக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. விலைவாசி உயர்ந்தபோதும் கூலி குறைந்தபோதும் லயத்து வீட்டின் அடுப்பு எவ்வாறு எரிந்தது என்ற வினா அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளது. எழுப்பப்பட்டாலும், ‘நம் முன்னோர் சிக்கனமாக வாழ்ந்தனர்’ என்ற ஒரு வரியில் அது முடிந்துவிடுகிறது. அச்சிக்கனத்தை ஒரு பண்பாக மட்டும் கருதாமல், கூலிக் கணக்கில் இடம்பெறாத உழைப்பாகவும் கருத வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

அரிசி விலையேற்றம்

முதல் உலகப் போர் முடிந்தவுடன் மலாயா கடுமையான அரிசி நெருக்கடிக்கு உள்ளாயிற்று. நாட்டிற்குத் தேவையான அரிசியின் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. 1918இல் இந்தியாவில் பருவமழை பொய்த்தமையால் பர்மா அரிசியின் ஏற்றுமதியை இந்திய அரசு கட்டுப்படுத்தியது. 1919இல் சயாமிலும் விளைச்சல் குன்றவே, அந்நாடும் ஏற்றுமதியைத் தடுத்தது. மலாயா அரசு அரிசி இறக்குமதியையும் விநியோகத்தையும் தன் கட்டுப்பாட்டில் கொணர்ந்து, வாங்கிய விலைக்கும் குறைவாக விற்றுப் பெரும் இழப்பை ஏற்றது.

இந்நெருக்கடி ஓர் உண்மையை வெளிப்படுத்தியது. தோட்டக் கூலி ரப்பரின் விலையை ஒட்டி ஏறி இறங்கியதேயன்றி, சோற்றின் விலையை ஒட்டி அன்று. குடும்பச் செலவு கூலியைத் தீர்மானிக்கும் ஓர் அளவுகோலாக அன்று இருக்கவில்லை.

நிர்ணயக் கூலியின் கணக்கு

1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிப்பெயர்வுச் சட்டத்திற்குப் பின்னர் இந்நிலை ஓரளவு மாறியது. தொழிலாளரை அனுப்பும் நாடு என்ற முறையில் இந்திய அரசு கூலி குறித்துக் கேள்வி எழுப்பத் தொடங்கியது. 1923இல் கூட்டு மலாய் மாநிலங்களில் தொழிலாளர் சட்டத் தொகுப்பு இயற்றப்பட்டது. இந்தியக் குடிநுழைவுக் குழு ஒவ்வொரு வட்டாரத்திற்கும் ஒரு குறிப்பிட்ட கூலியை வரையறுக்கும் முறை உருவாயிற்று. இதனையே நாம் நிர்ணயக் கூலி என்கிறோம்.

இக்கூலி ஒரு மாதச் செலவுப் பட்டியலை அடிப்படையாகக் கொண்டது. அரிசி, பருப்பு, உப்பு, புளி, மிளகாய், கருவாடு, எண்ணெய், துணி, பண்டிகைச் செலவு என ஒவ்வொன்றுக்கும் காசுக் கணக்கு எழுதப்பட்டது. ஒரு தொழிலாளியின் வாழ்க்கைக்கு என்ன தேவை என்று அதிகாரிகளும் தோட்ட முதலாளிகளும் அமர்ந்து முடிவு செய்த ஆவணம் அது.

1920களின் இறுதியில் முக்கிய வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என நிர்ணயிக்கப்பட்டது. 1930இல் இது 40, 32 எனக் குறைக்கப்பட்டது. 1938இல் 45, 36 என்ற அளவு நடப்பில் இருந்தது. கூலி ஏறினும் இறங்கினும் பெண்ணின் கூலி ஆணின் கூலியில் ஐந்தில் நான்கு பங்காகவே நின்றது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. அடுப்பை எரிய வைக்கும் பொறுப்பு யாருடையதோ அவருக்கே குறைந்த கூலி வழங்கப்பட்டது.

மந்தக் காலமும் வீட்டுக் கணக்கும்

கணவனும் மனைவியும் மாதம் 24 நாள் வேலை செய்தனர் எனக் கொள்வோம். 50, 40 காசு வீதத்தில் அவர்களின் வருமானம் 21 வெள்ளி 60 காசு. 40, 32 காசு வீதத்தில் அது 17 வெள்ளி 28 காசாகிறது. ஒரே அறிவிப்பில் மாதந்தோறும் 4 வெள்ளி 32 காசு மறைந்துவிட்டது. நடப்போ இதனினும் கடுமையாக இருந்தது. 1932இல் ரப்பர் விலை இராத்தலுக்குப் பத்துக் காசுக்கும் கீழே சரிந்தபோது, பல தோட்டங்களில் ஆணின் கூலியே 30 காசுக்குக் குறைந்தது. வேலை நாள்களும் குறைந்தன. 1930க்கும் 1932க்கும் இடையில் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர் தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர்.

இக்காலத்தில் அரிசியின் விலையும் வீழ்ந்தது என்பதை மறுப்பதற்கில்லை. கூலிக் குறைப்பை நியாயப்படுத்தியவர்கள் இதனையே சுட்டிக்காட்டினர். ஆனால் குடும்பச் செலவு அரிசி மட்டுமன்று. ஐம்பது காசுக் கூலியை நம்பிப் பெற்ற கடன், கூலி முப்பது காசானபோது தானே குறைந்துவிடவில்லை. ஊரிலிருக்கும் பெற்றோருக்கு அனுப்ப வேண்டிய பணமும் குறையவில்லை. பொருளின் விலையோடு கடன் இறங்குவதில்லை என்னும் எளிய உண்மைக்குச் செலவுப் பட்டியலில் இடமில்லை.

பட்டியலில் இல்லாதவை

அப்படியாயின் இக்குடும்பங்கள் எவ்வாறு தாக்குப்பிடித்தன? இதற்கான விடை செலவுப் பட்டியலுக்கு வெளியே உள்ளது.

முதலாவது, லயத்தின் பின்புறத் தோட்டம். குடும்பமுள்ள தொழிலாளிக்கு ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் பயிரிட ஒதுக்கப்பட வேண்டும் என்பது தொழிலாளர் சட்டத் தொகுப்பின் விதி. கீரை, முருங்கை, மரவள்ளி, வாழை ஆகியவை அங்கு விளைந்தன. பசுவும் ஆடும் கோழியும் வளர்த்தவர்கள் உண்டு. விடியற்காலைப் பெரட்டுக்கு முன்னரும் பால்மரக் காட்டிலிருந்து திரும்பிய பின்னரும் பெரிதும் பெண்களும் சிறுவர்களுமே இவ்வேலைகளைக் கவனித்தனர். இவ்வுழைப்பு எந்தச் செக்ரோலிலும் பதியப்படவில்லை.

இரண்டாவது, கடைப் பற்று. சம்பள நாள்வரை காத்திருக்க இயலாத குடும்பத்திற்கு மளிகைக் கடைக்காரரின் பற்றுப் புத்தகமே துணையாயிற்று. பசியைத் தள்ளிப்போட உதவிய அப்புத்தகமே அடுத்த மாதச் சம்பளத்தையும் முன்கூட்டியே விழுங்கியது. மூன்றாவது, பெண்கள் தமக்குள் நடத்திய கூட்டு. மாதந்தோறும் ஒரு தொகையைப் போட்டு, முறைவைத்து ஒருவர் மொத்தமாக எடுக்கும் இவ்வழக்கம் திருமணம், பிள்ளைப்பேறு, சாவு ஆகிய பெருஞ்செலவுகளைச் சமாளிக்க உதவியது. எழுத்துப் பத்திரம் ஏதுமின்றி நம்பிக்கை ஒன்றையே பிணையாகக் கொண்டு இயங்கியது அது. இவற்றாலும் முடியாதபோது நகை அடகுக்கடைக்குச் சென்றது.

இவை அனைத்தையும் ‘சிக்கனம்’ என்று பாராட்டுவது எளிது. ஆனால் பின்புறத் தோட்டத்துக் கீரையும் வீட்டுப் பசுவின் பாலும் இல்லையேல், நிர்ணயக் கூலி ஒரு குடும்பத்தைத் தாங்கியிராது. குறைந்த கூலியில் தோட்டம் இயங்குவதற்குப் பெண்களின் ஊதியமற்ற உழைப்பே ஈடுகட்டியது எனலாம். முதலாளி தர வேண்டியதை மனைவியின் வேலை நிரப்பியது.

கள்ளுக்கடையும் கிள்ளான் வேலைநிறுத்தமும்

சிக்கனத்திற்கு ஓர் எல்லை உண்டு. 1936இன் இறுதியில் மலாயாவுக்கு வந்த வீ. எஸ். சீனிவாச சாஸ்திரி, 1937இல் வெளியான தம் அறிக்கையில் கூலியை 50, 40 காசுக்கு மீட்டளிக்கப் பரிந்துரைத்தார். 1938இல் கூலி மீண்டும் குறைக்கப்படவே, இந்திய அரசு அவ்வாண்டு சூன் மாதம் உடலுழைப்புத் தொழிலாளரை உதவியுடன் அனுப்புவதைத் தடை செய்தது. 1939இல் இரண்டாம் உலகப் போர் தொடங்கியபின் ரப்பருக்குத் தேவை பெருகியது, விலைவாசியும் உயர்ந்தது.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கூலி உயர்வும் சீனத் தொழிலாளருக்கு இணையான கூலியும் அவர்களின் கோரிக்கைகளாயின. அவற்றோடு கள்ளுக்கடைகளை மூடுதல், பிள்ளைகளுக்குக் கல்வி, பெண்களுக்குப் பாதுகாப்பு ஆகியவையும் இடம்பெற்றன. கள்ளுக்கடையை மூடக் கோருவதை ஒழுக்கச் சீர்திருத்தமாக மட்டும் காண்பது முழுமையாகாது. தோட்டம் கொடுத்த கூலியின் ஒரு பகுதி தோட்டத்துக் கள்ளுக்கடையிலேயே கரைந்தது. அது கரையாமல் காப்பதும் குடும்பச் செலவின் சிக்கலே. மே மாதம் படையினர் வரவழைக்கப்பட்டு வேலைநிறுத்தம் அடக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். போராட்டத்தில் முன்னணியில் நின்ற ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டார். சிக்கனத்தால் அடைக்க முடியாத இடைவெளி, கோரிக்கையாக வெளிப்பட்ட காலம் அது.

முடிவுரை

ஒரு குடும்பத்திற்கு எவ்வளவு போதும் என்பதை யார் கணக்கிடுகிறார்கள் என்ற வினா பழையதாகிவிடவில்லை. 2019ஆம் ஆண்டிற்கான மலேசிய வறுமைக் கோட்டு வருமானம் 980 ரிங்கிட்டிலிருந்து 2,208 ரிங்கிட்டாகத் திருத்தப்பட்டபோது, வறுமை விகிதம் 0.4 விழுக்காட்டிலிருந்து 5.6 விழுக்காடாயிற்று. குடும்பங்களின் வாழ்க்கை ஒரே நாளில் மாறிவிடவில்லை, பட்டியல் மாறியது. அதுவரை கணக்கில் வராதிருந்தோர் கணக்கில் வந்தனர்.

ஆகவே, சிக்கனத்தைப் பாடமாகக் கற்பிக்கும் தமிழாசிரியர்கள் அதன் வரலாற்றையும் உடன் கற்பிப்பது பொருத்தமாகும். தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டுவிட்டன. பற்றுப் புத்தகங்களும் கூட்டுக் கணக்குகளும் ஆவணக் காப்பகங்களுக்கு எளிதில் வந்து சேர்வதில்லை. அக்கணக்குகளை நினைவில் வைத்திருப்போர் முதிய பெண்களே. மாணவர்கள் தம் பாட்டியரிடம் ‘எப்படிச் சிக்கனமாக இருந்தீர்கள்?’ என்று கேட்பதோடு நில்லாமல், ‘எவ்வளவு பற்றாக்குறை இருந்தது? அதை யார் எப்படி ஈடுகட்டினார்கள்?’ என்றும் கேட்டு எழுதி வைப்பார்களாயின், நிர்ணயக் கூலியின் பட்டியலில் விடுபட்ட வரிகளை நாம் இன்னும் ஓரளவேனும் மீட்க இயலும்.