ரத்தம் எடுத்த கை

எங்கள் கீழவைப்பார்ப் பையன்கள் கப்பல் வேலைக்குக் கிளம்பினால், மெடிக்கல் முடிக்காமல் ஏற முடியாது. சட்டையை மடித்துக் கையை நீட்டினால் ஒரு தம்பி நரம்பைத் தட்டிப் பார்த்து ஊசியை ஏற்றுவார். ரிப்போர்ட்டில் டாக்டர் கையெழுத்து இருக்கும். ரத்தம் எடுத்தவரை யாரும் கேட்பதில்லை. படிச்சவங்க பாஷையில் அவர் பிளபாட்டமிஸ்ட். அந்த வேலைக்கு நம் மாநிலத்தில் ஒரு பெரிய சரித்திரம் உண்டு. கல்லூரியில் இப்போது படிக்கும் தம்பி தங்கைகள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1981-இல் அமெரிக்காவில் எய்ட்ஸ் முதன்முதலில் பதிவானது. அது வெளிநாட்டு வியாதி, நமக்கெல்லாம் வராது என்றே இங்கே பலரும் இருந்தார்கள். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன் மட்டும் அப்படி இருக்கவில்லை. தம் மாணவி டாக்டர் நிர்மலாவிடம், "ஆய்வுக்கு இதையே எடுத்துக்கொள்ளேன்" என்ற தோரணையில் விஷயத்தைக் கொடுத்தார். நிர்மலாவுக்கு அப்போது 32 வயது.

பாலியல் தொழில் வழக்கில் பிடிபட்ட பெண்களை அடைத்து வைக்கும் அரசு இல்லத்துக்குப் போய், மூன்று மாதத்தில் 80-க்கும் மேற்பட்டவர்களிடம் ரத்தம் எடுத்தார் நிர்மலா. கையுறை கிடையாது. எதற்காக எடுக்கிறார்கள் என்று அந்தப் பெண்களுக்கும் சொல்லப்படவில்லை. பிரித்தெடுத்த சீரத்தை வைக்க வசதியில்லாமல் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தார். (என் இன்ஜினியர் புத்தி இங்கேதான் நிற்கிறது. ரத்தத்தை அளவாகத் தானே இழுத்துக்கொள்ளும் வெற்றிடக் குழாயை ஜோசப் கிளைனர் 1940-களிலேயே கண்டுபிடித்தாயிற்று. நம்மூரிலோ ஐஸ் பெட்டிக்கே திண்டாட்டம்!)

1986 பிப்ரவரியில் கணவரோடு இரவு ரயிலேறி, ஐஸ் பெட்டியைக் காட்பாடியில் இறக்கி, ஆட்டோ பிடித்து வேலூர் சி.எம்.சி. போய்ச் சேர்ந்தார். சோதனை நடுவில் கரண்ட் போய்விட, எல்லோரும் டீ குடிக்கப் போனார்களாம். திரும்பி வந்து பார்த்தால் ஆறு மாதிரிகள் மஞ்சளாகியிருந்தன.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்த காரியம். முடிவை உறுதிசெய்யப் புது ரத்தம் வேண்டும். சுனிதியும் நிர்மலாவும் அதே இல்லத்துக்குத் திரும்பிப் போய், அதே ஆறு பெண்களிடம் மறுபடி எடுத்தார்கள். முதல் தடவை சந்தேகத்தில் எடுத்தது. இந்தத் தடவை உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தே எடுத்தது. அது அமெரிக்கா போய் உறுதியானது. மே மாதம் சுகாதார அமைச்சர் ஹண்டே சட்டசபையில் அறிவித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்ட கதை இதுதான்.

அந்த ஆறு பேரிடம் சம்மதம் கேட்கவில்லையே என்ற உறுத்தல் எனக்கு உண்டு. தெரியப்படுத்திச் சம்மதம் வாங்காமல் எச்.ஐ.வி. சோதனை கூடாது என்று சட்டம் வர 2017 ஆயிற்று. சுனிதிக்கு அதே 2017-இல், மறைவுக்குப் பின், பத்மஸ்ரீ வந்தது. நிர்மலா கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் வேலை பார்த்து 2010-இல் ஓய்வு பெற்றார்.